கட்டபொம்மன் வரி கட்டினாரா?

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் யாரிடம் கேட்டாலும் பதில் கேட்பதற்கு முன்பே சிரிப்பு வரும். அடுத்த நொடி ஒருவன் புருவத்தைத் தூக்கி, மூக்கை விடைத்து, சிவாஜி குரலில் ஆரம்பித்துவிடுவான். வெள்ளைக்காரனுக்கு எதற்கு வரி கட்ட வேண்டும் என்று கேட்டவர் வரி கட்டினாரா என்றால் என்ன கேள்வி இது?

கட்டினார். முழுசாகக் கட்டவில்லை, ஆனால் கட்டினார்.

இது ஏதோ ரகசிய ஆவணத்தில் இருக்கிற சங்கதி இல்லை. தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நாம் எல்லோரும் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்ததுதான். 1798 மே மாதக் கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி கும்பினிக்குத் தரவேண்டிய பாக்கி 3310 பகோடா. (டீக்கடைப் பகோடா இல்லை மக்களே. அந்தக் காலத்துத் தங்க நாணயம். நம் ஆட்கள் வராகன் என்பார்கள்.) கலெக்டர் ஜாக்ஸனை ராமநாதபுரத்தில் சந்தித்தபோது கணக்கைச் சரிபார்த்தால் மிச்சம் நின்ற பாக்கி 1080 பகோடா மட்டும். பி.காம். படிக்கிறவனுக்கு வேறு என்ன வரும், கழித்துப் பார்த்தேன். 2230 பகோடா வரவு ஆகியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு! இன்றைக்கு எந்த பேங்க்காரரும் இப்படி ஒரு கடன்தாரர் கிடைத்தால் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்.

ஜாக்ஸன் உட்கார வைக்கவில்லை. அதுதான் விஷயமே.

1798 ஆகஸ்ட் 18-ல் ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி உத்தரவு போடுகிறார் ஜாக்ஸன். கட்டபொம்மன் அதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்று குற்றாலம் போகிறார். பார்க்க முடியாது என்கிறார் கலெக்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார். அங்கேயும் அதே பதில். மூன்று வாரத்துக்கும் மேல் ஒரு பாளையத்தின் தலைவர், தன் படை பரிவாரம் எல்லாவற்றோடும், கலெக்டர் எந்த ஊரில் முகாம் போடுகிறாரோ அந்த ஊருக்கெல்லாம் பின்னாலேயே போகிறார். தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்துக்கு நாலு நாள் அலைந்தவர்களுக்கு இந்த வலி புரியும். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் தரிசனம் கிடைக்கிறது. கிடைத்த பிறகும், கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆபத்து என்று தெரிந்து வெளியேறப் பார்த்தபோது கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் என்பவர் செத்துப்போகிறார். பிள்ளை பிடிபடுகிறார். கட்டபொம்மன் தப்பிக்கிறார்.

இதற்கு மேல் நடந்தது இன்னும் ஆச்சரியம். அவர் உடனே போருக்குக் கிளம்பவில்லை. சென்னை கவுன்சிலுக்கு முறையீடு அனுப்புகிறார்! கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விசாரணைக் குழு போடுகிறார். 1798 டிசம்பரில் கட்டபொம்மன் அந்தக் குழு முன்னால் ஆஜராகி நடந்ததைச் சொல்கிறார். குழு அவர்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்கிறது. பிள்ளை விடுதலை. ஜாக்ஸன் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார், அந்த இடத்துக்கு லூஷிங்டன் வருகிறார்.

அதாவது கும்பினியின் சொந்த விசாரணையிலேயே கட்டபொம்மன் ஜெயித்திருக்கிறார். படத்தில் பார்த்த கட்டபொம்மனுக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம்!

சரி, இப்போது படத்துக்கு வருவோம். "வீரபாண்டிய கட்டபொம்மன்" 1959 மே மாதம் வந்தது. பி. ஆர். பந்துலு இயக்கம், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி வசனம், ஜி. ராமநாதன் இசை. ஜாக்ஸனாக சி. ஆர். பார்த்திபன், பானர்மனாக ஜாவர் சீதாராமன். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. 2015-ல் டிஜிட்டலில் மெருகேற்றித் திரும்ப வெளியிட்டார்கள். என் தாத்தா வயசுக்காரர்களும் என் வயசுக்காரர்களும் ஒரே வசனத்தைத் தப்பில்லாமல் சொல்ல முடிகிறது என்றால் அது சாதாரண வெற்றி இல்லை. நானும் ஆண்டு விழா மேடையில் ஒட்டு மீசையோடு அதைக் கத்தியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதனால் படத்தைத் திட்டுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொரு விஷயமும் பிடிக்கும். இந்தப் படம் ஏதோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசித்த கதை இல்லை. சிவாஜி சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த கம்பளத்தார் கூத்துதான் அவரை நடிகனாக்கியதே. அந்தக் கூத்தில் ஆடியது கட்டபொம்மன் கதை. அதற்கப்புறம் ம. பொ. சி. புத்தகம் எழுதினார், சிவாஜி நாடக மன்றம் நாடகம் போட்டது, நாடகம் படமானது. ஊர்ப்புறக் கூத்திலிருந்து டெக்னிக்கலர் வரைக்கும் ஒரே நேர்கோடு. கும்பினிக்காரன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது பாட்டும் கூத்தும்தான். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் நா. வானமாமலை அவர்களைப் பதிப்பாசிரியராக வைத்து அந்தக் கதைப்பாடலைப் புத்தகமாகவே போட்டது.

என் வருத்தம் வேறு. படம் பொய் சொல்கிறது என்பதில்லை. படம் நமக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டது. நன்றாகப் பேசுகிறவன்தான் வீரன் என்பது அந்த அளவுகோல்.

கட்டபொம்மனின் கடைசி நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறு. (நம் திருமங்கலத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டி வரும். நாலுவழிச் சாலையில் கண் அயர்ந்தால் ஊரே போய்விடும்.) சுற்றிலும் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து வைத்து மேஜர் பானர்மன் விசாரணை நடத்துகிறார். படத்தில் இந்த இடத்தில் வசனம் அருவி மாதிரி கொட்டும். பானர்மன் மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் (1881) அதை எடுத்துப் போட்டிருக்கிறார். விசாரணை நேரம் முழுக்க இந்த ஆள் கொஞ்சமும் அஞ்சவில்லை, அலட்சியமாக இருந்தார், தன்னைப் பிடிக்க அலைந்த எட்டையபுரம் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தார், தூக்குமரத்துக்குப் போகும்போது திடமாக நடந்து போனார், போகிற வழியில் இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டே போனார் என்று எழுதுகிறார். தூக்கில் போட்ட ஆளே எழுதிய சாட்சியம் இது. அதில் பானர்மன் மனதில் தைத்தது அந்தப் பார்வையும் நடையும்.

எனக்கு அந்தப் பார்வை போதும். சிவாஜி அந்தப் பார்வையை மட்டும் நடித்திருந்தாலும் பிய்த்து எடுத்திருப்பார், அதற்குக் கண்கள் இருந்த மனிதர் அவர். ஆனால் 1959-ல் வசனம் இல்லாத க்ளைமாக்ஸுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்!

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு வில்லியம் வாலஸ். 1995-ல் மெல் கிப்சன் எடுத்து நடித்த "பிரேவ்ஹார்ட்" பார்த்திருப்பீர்கள், ஐந்து ஆஸ்கார் வாங்கிய படம். அதில் வாலஸோடு காதல் செய்கிற இளவரசி இசபெல்லா, வாலஸைக் கொன்ற 1305-ல் நிஜத்தில் பத்து வயசுக் குழந்தை, பிரான்ஸில் விளையாடிக்கொண்டிருந்தாள். 1297-ல் வாலஸ் ஜெயித்த பெரிய சண்டைக்குப் பெயரே ஸ்டிர்லிங் பாலச் சண்டை. குறுகலான மரப்பாலத்தில் ஆங்கிலேயப் படை பாதி கடந்து வந்ததும் அடித்ததுதான் அந்த வெற்றியின் சூட்சுமம். படத்தில் பாலமே இல்லை! கட்டபொம்மனைப் புதுக்கோட்டையில் பிடித்துக் கொடுத்த மாதிரி வாலஸையும் சொந்த நாட்டுக்காரரே பிடித்துக் கொடுத்தார். அவர் பெயர் மென்டீத், அந்த ஊரில் அது இன்றைக்கும் துரோகியின் பெயர். வாலஸ் செத்து 170 வருஷம் கழித்து ஒரு கவிஞர் பாடிய பெரிய பாட்டுதான் பாதிக் கதைக்கு ஊற்று. அதாவது அவர்கள் ஊர்க் கதைப்பாடல்! 1997-ல் வாலஸ் நினைவுக் கோபுரத்தின் வாசலில் ஒரு சிலை வைத்தார்கள், அச்சு அசல் மெல் கிப்சன் முகம். சிலர் உடைக்கப் பார்த்ததால் அதற்குக் கூண்டு போட்டு வைத்தார்கள். சுதந்திர வீரனின் சிலை கூண்டுக்குள்.

சிரிக்க வேண்டாம். கட்டபொம்மன் என்றதும் உங்கள் மனதில் வருகிற முகம் யாருடையது? கயத்தாற்றில் நிலம் வாங்கி 1970-ல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரே சிவாஜிதான். அந்த மரியாதைக்கு அவரைக் கும்பிட வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசு நினைவுக்கோட்டை கட்டியதும் படம் கிளப்பிய அலை இல்லாமல் நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

படம் செய்த இன்னொரு வேலை எட்டப்பன். வகுப்பில் எவனாவது பிட் அடித்ததை மாட்டிவிட்டால் அவன் எட்டப்பன். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது எட்டையபுரம் இல்லை, புதுக்கோட்டைத் தொண்டைமான். திருக்களம்பூர்க் காட்டுப் பக்கம் பிடித்தார்கள். எட்டையபுரம் கும்பினிக்கு உதவியது உண்மை, தேடி அலைந்ததும் உண்மை, பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு வாங்கியதும் உண்மை. பரம்பரை எல்லைத் தகராறு இருந்த பக்கத்துப் பாளையம் அது. நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே காரியத்தைச் செய்த பல பாளையக்காரர்களில் ஒருவர் பெயர் மட்டும் அகராதிக்குள் போய்விட்டது. பாரதி பிறந்த ஊருக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்.

மறுபக்கம் இன்னொரு கோஷ்டி உண்டு. கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் ஒரு புத்தகமே எழுதினார். பக்கத்துப் பாளையத்து ஊர்களில் புகுந்து தானியத்தை அள்ளினார்கள் என்ற புகார்கள் கும்பினி ஆவணங்களில் இருக்கத்தான் செய்கின்றன. அவர் வீட்டில் பேசியது தெலுங்கு, அவர் எப்படித் தமிழ் வீரர் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. (திருச்செந்தூர் முருகனுக்கு உச்சிகால பூஜை மணி கேட்டுத்தான் சாப்பிட உட்காருவார் என்று இந்தப் பக்கம் கதை சொல்கிறார்கள். முருகன் தாய்மொழி கேட்டதாகத் தெரியவில்லை.) கவனித்தால், இந்த இரண்டு கோஷ்டியும் சண்டை போடுவது 1959 கட்டபொம்மனை வைத்து. ஒருவர் அந்தச் சிலைக்கு மாலை போடுகிறார், இன்னொருவர் அதே சிலையை உடைக்கிறார். பாக்கியைக் கட்டிவிட்டு ரசீதோடு குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அலைந்த மனிதரை இரண்டு பேரும் கண்டுகொள்வதில்லை.

எனக்கு அந்த அலைந்த மனிதர்தான் பெரிய ஆள். முதல் நாளே வாளை உருவுகிறவனுக்கு இழக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. இவருக்குத் தெரியும். கணக்கு காட்டினார், நின்றார், முறையிட்டார், விசாரணையில் ஜெயித்தார். எட்டையபுரம் மாதிரி அடங்கி இருந்திருந்தால் பாளையம் பேரன் காலம் வரை நிலைத்திருக்கும். அதற்குப் பிறகும், 1799-ல் மருது சகோதரர்கள் பக்கம் கூட்டுச் சேர்ந்து, பானர்மன் வந்து சரணடையச் சொன்னபோது மாட்டேன் என்றார். வரி மட்டும் பிரச்சினை என்றால் 1080 பகோடாவில் முடிந்திருக்கும்.

இப்போது இந்தக் கதையில் படம் முழுக் கதையையும் சொல்லாமல் விட்ட ஆளிடம் வருகிறேன். ஊமைத்துரை. கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி. சரியாகப் பேச வராது, அதனால் அந்தப் பெயர். 1799-ல் அண்ணன் தூக்கில் தொங்கியதும் படம் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் பெரிய போர் அதற்குப் பிறகுதான்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வருகிறார்கள். கும்பினி இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரு வாரத்துக்குள் திரும்ப எழுப்பிவிடுகிறார்கள். மண் கோட்டைதான். அந்த மண் கோட்டை மேஜர் மெக்காலேயின் தாக்குதலை மார்ச் மாதத்தில் அடித்துத் திருப்புகிறது. கர்னல் அக்னியூ பெரும் படையோடு வந்த பிறகு மே 24-ல்தான் விழுகிறது. அடிபட்ட ஊமைத்துரை தப்பித்து மருது சகோதரர்களிடம் சேர்ந்ததும் சிவகங்கைச் சீமை முழுக்கப் பற்றிக்கொள்கிறது. ஜூனில் சின்ன மருது திருச்சியில் ஒட்டிய அறிக்கை, சாதி மதம் பார்க்காமல் எல்லோரையும் கும்பினிக்கு எதிராகக் கூப்பிட்டது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கு, நவம்பர் 16-ல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு.

அந்தப் போரில் கும்பினிப் பக்கம் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் தன் நினைவுகளை இரண்டு பாகமாக வெளியிட்டார். எதிரிப் படைத் தலைவனைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் மெய்சிலிர்க்கும். ஊமைத்துரை எப்படித் தாக்குதலுக்கு உத்தரவு கொடுப்பார் என்று சொல்கிறார். சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. வலது கையை வீசி, வாயால் ஒரு சீறல் சத்தத்தோடு அத்தனையையும் தள்ளிவிடுவார். கூட்டம் புரிந்துகொண்டு கிளம்பும்.

ஒரு வார்த்தை கிடையாது. யோசித்துப் பாருங்கள், இதைவிட ஒரு மாஸ் சீன் தமிழ் சினிமாவில் இருக்கிறதா?

அதே 1959 மே மாதம் கண்ணதாசன் தயாரிப்பில் மருது சகோதரர்கள் கதையாக "சிவகங்கைச் சீமை" வந்தது. கட்டபொம்மன் வந்த அதே நேரம் வந்ததால் அலையில் அடித்துப்போய்விட்டது. அதோடு சரி. விஜயநாராயணத்தில் நம் கடற்படைத் தளம் ஒன்றுக்கு ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர், தண்ணீருக்கடியில் மூச்சுக் காட்டாமல் போகிற நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புகிற இடம். அந்த வேலைக்கு ஊமைத்துரை பெயர் இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

இவர்களைப் பங்கு போட்டுக்கொள்கிற கதை தனி. திருநெல்வேலி மாவட்டமே நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாக இருந்தது. 1997-ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்ப, தென்மாவட்டமே கலவரமானது. கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லா மாவட்டத்திலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் அழித்தார்கள். கும்பினியை எதிர்த்து ஒரே கோட்டைக்குள் நின்று செத்தவர்கள், இருநூறு வருஷம் கழித்து ஒரே டெப்போவுக்குள் நிற்க முடியவில்லை. அந்தச் சண்டை போட்டவர்களிடம் வெல்ஷ் எழுதிய இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

கோட்டை விழுந்த அன்றைக்குச் சாயங்காலம். பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் செத்துக் கிடக்கிறவர்களுக்கு நடுவே தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். ஒரு கிழவி தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது. தூக்கப் போனால் மகன் தடுக்கிறான். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்று கெஞ்சுகிறான். சாமி என்றது ஊமைத்துரையை. மகனை அங்கேயே விட்டுவிட்டு அந்தத் தாய் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தேடிக்கொண்டு எட்டையபுரத்து ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் அவரைக் கிடத்தி, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

யாராவது ஊமைத்துரையைப் படமாக எடுத்தால் இடைவேளையை இந்த இடத்தில் விடுங்கள். துணிக்குள்ளே கண்ணைத் திறந்து படுத்திருக்கிறவர் முகத்தில் ஃப்ரீஸ். தயவுசெய்து அவருக்கு மட்டும் வசனம் எழுதிவிடாதீர்கள்.